பக்கத்துத் தூண்டில்

நண்பனின் துக்கத்தில் பங்கெடுப்பது எளிது. அவனுக்கு யோகம் அடிக்கும்போது மனசு கோணாமல் பக்கத்தில் நிற்பதுதான் கஷ்டம். இதை எனக்குப் புரியவைத்தது கொடுவா மீன்.

கொடுவா எங்கள் ஊர் மீன் அல்ல. தென்காசிக் குளங்களில் விரால், கெண்டை, கெளுத்தி உண்டு. கொடுவா வேண்டுமென்றால் தண்ணீர் போகும் வழியே போக வேண்டும். குற்றாலத்தில் பேரருவியாக விழும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைத் தாண்டிப் புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கும் அந்த முகத்துவாரம் கொடுவாவுக்கு வேட்டைக்காடு.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து, கலங்கல் தெளியும் நாட்களில் நண்பர்கள் சிலர் ராடும் ரீலுமாக அங்கே போவோம். உயிருள்ள இரை கிடையாது. மடவைக் குஞ்சு போலச் செய்த லூர்தான். தூண்டில் பருவத்தின் கடைசி என்பதால் கடி அபூர்வம். கை ஓயும்வரை வீசிவிட்டு வெறுமனே திரும்பும் நாட்களே அதிகம்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் பக்கத்து ராடு வளைகிறது. கொடுவா இரையைத் துரத்திக் கடிப்பதைவிட, வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்வதே வழக்கம். மாட்டியதும் வெளியே துள்ளித் தலையை உலுக்கும். செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது; தூண்டில் நரம்பை அறுத்துவிடும். எல்லாரும் கத்துகிறோம். அந்தக் கூச்சலுக்கு அடியில் சுருக்கென்று ஒன்று தைக்கிறது: ஏன் எனக்கு இல்லை?

இத்தனைக்கும் அந்த மீன் யார் வீட்டுக்கும் போகப்போவதில்லை. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் இனம். பெரிய மீன் என்றால் அநேகமாக முட்டையிடும் தாய். ஆகவே படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். குழம்புக்குக்கூட ஆகாத மீனுக்காக ஒரு பொறாமை!

புன்னக்காயல் மீனவரின் வலையில் இதைவிடப் பெரிய கொடுவா கிடந்தால் வாய் பிளந்து பார்க்கிறோம், உறுத்துவதில்லை. அவரோடு நம்மை நாம் ஒப்பிடுவதே இல்லை. ஒரே கரை, ஒரே லூர், ஒரே பொழுது என்று எல்லாம் சமமாக இருக்கும் இடத்தில்தான் பொறாமை முளைக்கிறது. நெருக்கம் இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. எல்லாருக்கும் சேர்ந்தே கிடைக்கும் இடத்திலும் அது முளைப்பதில்லை. பேரருவியின் கீழே நிற்கும்போது யாரும் அடுத்தவன் மேல் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று பார்ப்பதில்லை. எல்லார் தலையும் நனைகிறது. கரைவலை இழுப்பவர்களுக்கும் அப்படித்தான்: சேர்ந்து இழுத்த வலையில் எல்லாருக்கும் பங்கு உண்டு. தூண்டில் மட்டும் ஆளுக்கொரு நரம்பைக் கொடுத்து, ஒருவனை மட்டும் தேர்ந்தெடுக்கிறது.

ஆனால் தூண்டில்காரர்களிடையே எழுதாத விதி ஒன்று உண்டு. ஒருவனுக்கு மீன் மாட்டினால் மற்றவர்கள் உடனே தங்கள் நரம்பைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சிக்கல் விழும். ஒருவர் கைவலையோடு தண்ணீரில் இறங்க வேண்டும். மீன் நடமாட்டம் உறுதியான அந்த நேரத்தில், இன்னொரு வீச்சு வீசக் கை துறுதுறுக்கும்போதே ரீலைச் சுற்ற வேண்டும். கடி அபூர்வமான பருவக் கடைசியில் அதன் விலை இன்னும் கூடுதல்.

இந்த விதி யாரையும் மனசார மகிழச் சொல்லவில்லை. சுருட்டச் சொல்கிறது, வலை பிடிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். கரைக்கு வெளியேயும் இதுவே போதும் என்று நினைக்கிறேன். நண்பனுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்கும்போது, அவன் பிள்ளை நம் பிள்ளையைவிட நல்ல மார்க் எடுக்கும்போது, புது வீட்டுப் பால் காய்ப்புக்கு அழைக்கும்போது, உள்ளே சுருக்கென்பதை நம்மால் தடுக்க முடியாது. அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். அந்த நேரத்தில் நம் கதையைச் சுருட்டிக்கொண்டு, போய் நாலு வேலை பார்க்கலாம். மனசு பிறகு வந்து சேர்ந்தால் நல்லது. சேராவிட்டாலும் நண்பனுக்கு அந்த நேரத்தில் ஆள் குறையவில்லை.