தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துத் தந்தை வீடு திரும்பும் வேளையில், மகன் பள்ளிக்குப் புறப்படுகிறான். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் இருவரும் முகம் பார்த்துப் பேசும் பொழுது அரிது. அம்மகனின் புத்தகப் பையில் ஒருநாள் புகையிலைப் பொட்டலமோ, கஞ்சாவோ, பஞ்சர் ஒட்டும் பசைக்குழாயோ அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளி என்ன செய்ய வேண்டும்?

நாம் அறிந்த விடை, பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவது. "ஒருவனுக்காக மற்றவர்களைக் கெடுக்க முடியாது" என்பது அதற்குரிய நியாயம். அதை எளிதில் தள்ளிவிட இயலாது. போதையின் முதல் சுவை பல வேளைகளில் நண்பனின் கையிலிருந்தே வருகிறது. நம் பிள்ளையும் அதே வகுப்பில்தானே அமர்ந்திருக்கிறான்!

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எக்குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கலாகாது என்கிறது. ஆனால், சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் இக்கேள்வி நம் மனச்சான்றின் வாசலிலேயே வந்து நிற்கிறது.

உண்மையில் குற்றவாளி யார்? சிறுவருக்குப் போதைப்பொருளையோ புகையிலையையோ கொடுப்பவருக்கு ஏழாண்டுவரை கடுங்காவல் தண்டனை உண்டு என்கிறது, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். அச்சட்டத்தின் கண்ணில் விற்பவன் குற்றவாளி, சிறுவன் பாதிக்கப்பட்டவன். 2019-இல் வெளியான நடுவண் அரசின் ஆய்வு, பசை போன்றவற்றை முகரும் பழக்கம் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவரிடையே மிகுதி என்று காட்டியது. மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பதைத்தான் பிஞ்சுக் கைகள் தொடுகின்றன. தேர்வு அச்சமும், வெறுமையான வீடும், சொல்ல ஆளில்லாத துயரமும் அக்கைகளை அங்கே தள்ளுகின்றன.

புனித தொன் போஸ்கோ 1877-இல் தம் தடுப்பு முறைக் கல்வியை விளக்கி எழுதினார். தவறு நிகழ்ந்தபின் தண்டிப்பதைவிட, நிகழுமுன் மாணவர் நடுவே அன்போடு உடனிருப்பதே ஆசிரியரின் கடமை என்பது அதன் சாரம். பள்ளியில் ஓர் ஆற்றுப்படுத்துநர் இருப்பதும், ஆசிரியர் ஒருவர் மாணவனின் வாடிய முகத்தைக் கவனிப்பதும் அவ்வழியின் தொடர்ச்சியே.

அப்படியானால் மற்றப் பிள்ளைகளின் நிலை? காணாமற்போன ஆட்டின் உவமையில் மேய்ப்பர் தொண்ணூற்றொன்பதையும் விட்டுச் செல்கிறார். அவற்றுக்கு அது இழப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஒன்றைத் தேடிச் செல்லும் மேய்ப்பரைக் கண்ட ஆடுகள், தாங்கள் தொலைந்தாலும் தேடப்படுவோம் என்று அறிந்துகொள்கின்றன. மாறாக, ஒருவன் துரத்தப்படுவதைக் காணும் மாணவர்கள் கற்கும் பாடம் ஒன்றே: அகப்படாமல் மறைத்துக்கொள். நாளை அவர்களுள் ஒருவன் சிக்கும்போது யாரிடமும் வாய் திறக்கமாட்டான். ஒருவனைத் துரத்துவதால் மற்றவர்களைக் காக்கிறோம் என்பது நம் மயக்கமே.

மன்னிப்பு என்பது கண்டுகொள்ளாமல் இருப்பதன்று. பொட்டலம் பறிக்கப்பட வேண்டும்; விற்றவன் காவல்துறையிடம் காட்டப்பட வேண்டும்; பெற்றோர் அவமதிக்கப்படாமல் அழைக்கப்பட வேண்டும்; சிகிச்சை தேவையெனில் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் வழி கேட்கலாம். சிலகாலம் அவன் தனிக் கண்காணிப்பிலும் இருக்கட்டும். ஆனால் வகுப்பறையில் அவன் இருக்கை அவனுக்காகக் காத்திருக்கட்டும். அந்த இருக்கையை நாம் காலி செய்தால், பள்ளிக்கு வெளியே அவனுக்கு இருக்கை தர விற்பவன் எப்போதும் ஆயத்தமாய் இருக்கிறான்.