வழி சொல்வதும் வழி விடுவதும்

பிறர் துணை சிறிதும் இன்றி நடப்பதுதான் சுதந்திரமா? அன்றி, துணை வேண்டும்போது கேட்டுப் பெறவும் வேண்டாதபோது மறுக்கவும் உரிமையுடையவனாய் இருப்பது சுதந்திரமா? இது கற்றோர் பொழுதுபோக்காக எழுப்பும் வினாவன்று. வெள்ளைத் தடியுடன் நாற்சந்தியின் ஓரத்தில் நிற்கும் விழியிழந்த ஒருவர், நாள்தோறும் தம் உயிரைப் பணயம் வைத்து விடை காணவேண்டிய வினா. வானத்துச் செயற்கைக் கோள்கள் அவருக்கு வழி சொல்லும் காலம் வந்துவிட்டது. அவருக்கு வழி விடும் கடமை யாருடையது என்பதையே நாம் இங்கு ஆராய்தல் வேண்டும்.

வழி என்பது கண்ணால் மட்டுமே அறியப்படுவது என எண்ணுதல் பிழை. விடியுமுன் பெரட்டுக்களத்திற்கு நடந்த நம் தோட்டத்து மக்கள், கல்லையும் சரிவையும் காலால் அறிந்தன்றோ நடந்தனர்? விழியிழந்தோரும் தடியின் தட்டலாலும், காலின் உணர்வாலும், காதின் கூர்மையாலும் தெருவை அறிகின்றனர். ஆனால் சந்திக்கு வந்ததும் நடைபாதை முடிந்துவிடுகிறது. எத்தனை சாலைகள் அங்குக் கூடுகின்றன, எதிர்க்கரை எவ்வளவு தொலைவு என்பவற்றைத் தடி சொல்லாது. தாம் செல்லும் திசையிலேயே ஓடும் வண்டிகள் புறப்படும் ஓசையைக் கேட்டு, குறுக்கே செல்லும் வண்டிகள் நின்றுவிட்டன என உணர்ந்து அடியெடுத்து வைப்பதே அவர்கள் பயின்ற முறை. வண்டிகள் இடைவிடாது சுழலும் வட்டச் சந்திகளில் அம்முறை பயன்படுவதில்லை. மெல்ல ஊர்ந்து வரும் மின்சாரக் கார்களோ காதுக்கும் எட்டுவதில்லை.

இக்குறையைத் தீர்க்க முயன்றவருள் ஒருவர், கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் சாந்தா பார்பரா பிரிவில் பூகோளப் பேராசிரியராயிருந்த ரெஜினால்ட் காலெட்ஜ். மக்கள் இடங்களையும் வழிகளையும் மனத்தில் எவ்வாறு பதித்துக்கொள்கின்றனர் என ஆராய்ந்து வந்த அவர், 1984-இல் தம் பார்வையை இழந்தார், ஆராய்ச்சியை இழந்தாரல்லர். உளநூல் அறிஞர்களான ஜாக் லூமிஸ், ராபர்ட்டா கிளாட்ஸ்கி ஆகியோருடன் கூடி, செயற்கைக் கோள்களின் துணையால் வழி காட்டும் கருவியொன்றை அமைக்க முனைந்தார். 1990-களில் முதுகில் மூட்டையாகச் சுமக்கவேண்டியிருந்த அக்கருவி, ஓர் இடத்தின் பெயரை அவ்விடம் இருக்கும் திசையிலிருந்தே ஒலிப்பது போலக் காதில் உரைத்தது. இன்று அவ்வேலையைச் சட்டைப்பையில் அடங்கும் கைத்தொலைபேசியே செய்கிறது. அடுத்த சந்தி எது, இடப்பக்கம் பிரியும் தெரு எது என்பதை அது வாய்விட்டுச் சொல்கிறது.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்கள், நேரங் குறித்த வானொலி அலைகளை இடையறாது அனுப்புகின்றன. குறைந்தது 4 கோள்களின் அலைகள் வந்துசேர்ந்த நேரத்தைக் கணித்து, கருவி தான் இருக்கும் இடத்தை அறிகிறது. நேரக் கணக்கு ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும், தொலைவுக் கணக்கு 300 மீட்டர் தவறும். பொதுமக்களுக்குக் கிடைத்த அலைகளை அமெரிக்க அரசு முன்னர் வேண்டுமென்றே திருத்தம் குறைத்தே விட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அத்தடையை நீக்கியது. இன்று வெட்ட வெளியில் கைத்தொலைபேசியின் பிழை சுமார் 5 மீட்டர். உயர்ந்த கட்டடங்களின் நடுவே அலைகள் சுவரில் மோதித் திரும்புவதால் பிழை இன்னும் மிகும்.

ஊர் விட்டு ஊர் செல்வோர்க்கு 5 மீட்டர் ஒரு பொருட்டன்று. சந்தியில் நிற்பவர்க்கோ, ஒரு வண்டித்தடத்தின் அகலமே மூன்று, மூன்றரை மீட்டர்தான். அவர் நிற்பது நடைபாதையா நடுச்சாலையா என்பதை அக்கருவி உறுதியாகச் சொல்லமாட்டாது. விளக்குச் சிவப்பா பச்சையா என்பதும், வளைந்து வரும் லாரி நிற்குமா நில்லாதா என்பதும் அக்கோள்களுக்குத் தெரியா. சந்தியின் பெயரை வானம் சொல்லலாம். சந்தியைக் கடக்க விடவேண்டியவர்கள் தரையில் உள்ள நாமே.

நிற்க, வழி சொல்வதிலும் இருவகை உண்டு. “திரும்பு, நட, நில்” என ஏவுவது ஒன்று. இன்ன திசையில் இன்னது உள்ளது என அறிவித்துவிட்டு, முடிவை நடப்பவரிடமே விடுவது மற்றொன்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘சவுண்ட்ஸ்கேப்’ இரண்டாவது வகையைச் சார்ந்தது. அறிவு பெற்றவன் தான் விரும்பிய தெருவில் திரும்பலாம். ஏவப்பட்டவன் ஏவிய தெருவில்தான் செல்லவேண்டும். ஆயினும் அந்நிறுவனம் 2023-இல் அதனை நிறுத்திவிட்டது. அதன் நிரலைப் பொதுவில் வைத்தமையால் பிறர் எடுத்து நடத்த முடிந்தது. ஒருவர் நடமாடும் உரிமை ஒரு நிறுவனத்தின் விருப்பத்தில் தொங்கலாகாது என்பதற்கு இதுவே சான்று.

கருவிக்குக் கூறியது மனிதர்க்கும் பொருந்தும். இரக்கமுடையோர் சிலர், நிற்பவரை ஒரு சொல்லும் கேளாமல் கையைப் பற்றி இழுத்துச் சாலையைக் கடத்திவிடுகின்றனர். அவர் கடக்க விரும்பினாரா, பேருந்துக்குக் காத்து நின்றாரா என்பது இவர்களுக்குத் தெரியாது. இழுத்த வேகத்தில் அவர் மனத்தில் வைத்திருந்த திசையும் தவறிவிடும். கேளாமல் செய்யும் உதவி, செய்தவர்க்கு மனநிறைவைத் தரலாம். பெற்றவர்க்கோ திகைப்பையே தரும். “துணை வேண்டுமா?” என்ற இரண்டு சொற்களைக் கேட்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

“கருவி வந்துவிட்டதே, இனி நாம் செய்ய என்ன இருக்கிறது?” என்பாரும் உளர். ஜப்பானியராகிய செய்இச்சி மியாக்கே 1965-இல் புடைப்புள்ள நடைபாதைக் கற்களை வகுத்தார். 1967-இல் ஒக்காயாமா நகரில், விழியிழந்தோர் பள்ளிக்கருகே அவை முதன்முதல் பதிக்கப்பட்டன. சாலை விளிம்பை அக்கற்கள் காலுக்கு உணர்த்தும். அங்கே 5 மீட்டர்ப் பிழைக்கு இடமில்லை. சிங்கப்பூரில் 2009-இல் தொடங்கிய ‘பச்சை மனிதன் பிளஸ்’ ஏற்பாட்டில், முதியோரும் உடற்குறையுடையோரும் தம் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்குக் கூடுதலாகச் சில நொடிகள் எரியும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடப்போர், புடைப்புக் கற்களின் வழியே தடியூன்றிச் செல்வோரைக் காண்பர். அத்தகைய கற்களின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறவன், 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்த உதவியைக் கடைசி இரண்டடியில் பாழாக்குகிறான்.

அன்பர்களே! யாருடைய துணையுமின்றி நடப்பவர் உலகில் எவருமிலர். சாலையை வெட்டினவரும், விளக்கை நட்டவரும், சிவப்பில் வண்டியை நிறுத்துபவரும் கண்ணுள்ள நமக்கும் துணையாகவே இருக்கின்றனர். நாம் பெறும் துணைக்கு வசதி என்று பெயரிட்டு, விழியிழந்தோர் பெறும் துணைக்குத் தருமம் என்று பெயரிடுவது நீதியாகாது. இரண்டும் குடிமக்களின் உரிமையே. ஆதலின் சந்திகளில் ஒலி எழுப்பும் விளக்குகளையும் புடைப்புக் கற்களையும் நகராட்சிகளிடம் கேட்டுப் பெறுவோம். அவற்றை மறித்து எதையும் வையாதிருப்போம். வெள்ளைத் தடியைக் கண்டால் வண்டியை நிறுத்துவோம்.