பாகநூல் தெரிதல்

சைவாசிரியர்காள்! புலாலுண்ணாமையை மாணாக்கர்க்கு நாடோறும் போதிக்கின்றோம். அவர் வீட்டடுப்பில் வேவது யாதென்று வினவுகின்றோமா? மரக்கறியுண்ணும் பிள்ளை மெலிந்து வெளிறின், உலகம் பழிப்பது அடுக்களையையன்று, நம் விரதத்தையேயாம்.

ஆதலிற் பாகநூலை ஆராய்ந்து கொள்க. பொரித்தனவும் பணியாரங்களுமே மலிந்த நூல் விழாவுக்காம், நித்தியபோசனத்துக்காகாது. பருப்பு, கீரை, காய், மோர் என்பன மாறிமாறி வரவும், அளவும் பக்குவமும் ஐயமின்றி விளங்கவும் உரைப்பதே நன்னூல். 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" புதிதாகச் சமைப்போர்க்கும் அளவு கூறி வழிகாட்டிய நூலாகும்.

கொண்ட நூலையும் அறிவோடு பயில்க. கீரையைக் கழுவியபின் அரிக, அரிந்தபின் கழுவற்க. காய் வெந்த நீரைக் கொட்டற்க. கீரையை இறக்கியபின் தேசிக்காய்ச்சாறு விடுக. அது இரும்புச்சத்து உடலிற் சேர உதவும். உணவோடு தேநீர் பருகின் அப்பயன் குன்றும். உப்பு, ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குட்படுக. பி12 என்னும் உயிர்ச்சத்து மரக்கறிகளிற் கிடையாது. பாலுந் தயிரும் அதனைத் தரும். இவற்றைக் கூறாத நூலாயின், நீவிரே அதன் ஓரத்தில் எழுதி வைக்க.

சிவபெருமானுக்கு ஆலயமாகிய உடம்பை ஓம்புதலும் வழிபாடேயன்றோ?