அயலான் பெயரை வெட்டச் சொல்லலாமா?

ஹேவாஹெட்ட மலைப்பகுதியில் ஒரு லயத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். ஒரு காம்பராவில், கொழுந்து பறித்து ஓய்ந்துபோன கிழவி தனியே இருக்கிறாள். மகன் கொழும்பில் வேலை செய்கிறான். பணம் அனுப்புவது எப்போதாவதுதான். அடுத்த காம்பராவில் மூன்று பிள்ளைகளுடன் ஒரு குடும்பம். அஸ்வெசும பட்டியலில் கிழவியின் பெயர் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பெயர் இல்லை. "மகன் உழைக்கிறானே, அவளுக்கு எதற்கு?" என்று தகப்பன் கேட்கிறான். அவன் அவளுக்கு எதிராக ஆட்சேபனை எழுதலாமா?

லயம் கற்பனை, கேள்வி கற்பனையல்ல. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் அஸ்வெசும வந்தபோது, மக்கள் முன் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. விடுபட்டவர் தமக்காக மேன்முறையீடு செய்யலாம். தகுதியற்றவர் என்று தாம் கருதும் இன்னொருவருக்கு எதிராக ஆட்சேபனையும் தெரிவிக்கலாம்.

நம் பாட்டன் பாட்டிமாருக்கு இந்தச் சோதனை இருக்கவில்லை. 1942இல் தொடங்கிய கூப்பன் அரிசி ஏறக்குறைய எல்லாருக்கும் கிடைத்தது. அயலான் வாங்கிய கொத்து, நம் கொத்தைக் குறைக்கவில்லை. 1953இல் அதன் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாட்டு மக்கள் திரளாக எழுந்தார்கள். 1973-74 பஞ்சத்தில் கூப்பன் குறைந்தது. மரவள்ளி நடக்கவும் சொந்த நிலமில்லாத தோட்ட மக்களிடையே மரணங்கள் பெருகின. 1978இல் அரிசிப் பங்கீடு வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றாயிற்று. 1979இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நிற்க, விலைவாசி ஏறியது. சில வருடங்களுக்குள் அதன் பெறுமதி ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அன்றிலிருந்து ஏழை தன் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியவனானான். தோட்டத் தொழிலாளியின் சம்பளம் செக்ரோலில் எழுதப்பட்டிருக்கும். கடைக் கடன் அதில் எழுதப்படுவதில்லை.

"பொய் சொல்லிப் பெறுபவனைப் பார்த்துக்கொண்டிருப்பதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. வசதியுள்ளவன் பொய்க் கணக்குக் கொடுத்து வாங்குவது, பசித்தவன் தட்டிலிருந்து எடுப்பதாகும். அதை மூடிமறைப்பது அன்பல்ல. ஆயினும் எழுதுமுன் மூன்று காரியங்களை நம்மையே கேட்போம். நான் கண்டதை எழுதுகிறேனா, கேள்விப்பட்டதையா? நீதிக்காக எழுதுகிறேனா, எரிச்சலினாலா? அவரிடம் தனியே பேசிப் பார்த்தேனா? கிறிஸ்துநாதர் குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே போகச் சொன்னார், அலுவலகத்துக்கு அல்ல.

மேலே சொன்ன தகப்பன் போய்ப் பேசினால், மகனின் பணம் வந்து எத்தனை மாதமாயிற்று என்று அறிந்துகொள்வான். கிழவியின் பெயரை வெட்டுவதால் தன் பெயர் தானாக ஏறிவிடாது என்பதையும் எண்ணிப் பார்ப்பான். அவனுக்கு வேண்டியது ஆட்சேபனையல்ல, மேன்முறையீடு.

பழைய ஏற்பாட்டுச் சட்டம், அறுவடையில் வயலோரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொன்னது. அந்நியப் பெண்ணான ரூத் அப்படித்தான் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள். பொறுக்க வந்தவர்களை ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும்படி அந்தச் சட்டம் கேட்கவில்லை; கடமையை வயலுடையவன்மேல் வைத்தது. இன்றும், பங்கு போதாதபோது முதலில் கணக்குக் கேட்கப்பட வேண்டியவர்கள் பங்கிடுகிறவர்களே. 1867இல் இந்த ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாள்முதல், நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக்கொடுத்த கைகள் இவை. அவர்கள் கேட்பது பிச்சையல்ல.

ஆகவே, எழுத்துத் தெரிந்த பிள்ளைகளே, இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். விடுபட்ட ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்தை எழுதிக்கொடுங்கள். பிரதேச செயலகத்துக்குக் கூடவே போங்கள். பதில் வரும்வரை, அந்த வீட்டுக்கென்று உங்கள் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழட்டும்.