கோபுரம்: உயரமா, வாசலா?

இன்றைய தமிழில் கோபுரம் என்னும் சொல் பெரும்பாலும் உயரத்தையே குறிக்கிறது. அலைபேசிக் கோபுரம், மின்கோபுரம், பாரிசின் ஈபிள் கோபுரம் என அது பயிலும் இடங்களிலெல்லாம் ஓங்கி நிற்பது என்ற பொருளே எஞ்சியிருக்க, உள்ளே நுழைவதற்குரிய வழி என்ற பழம்பொருள் மங்கிவிட்டது. வடமொழியில் இச்சொல் முதலில் நகரமதிலின் வாயிலைக் குறித்தது. இராமாயணமும் அர்த்தசாத்திரமும் அப்பொருளிலேயே இதனை ஆள்கின்றன. அரசனின் இல்லத்தைக் குறித்த 'கோயில்' இறைவனின் இல்லத்துக்குப் பெயரானதைப் போலவே, கோட்டைக்குரிய வாயிலின் பெயரும் வழிபாட்டிடத்துக்கு உரியதாயிற்று. அவ்வாறு வந்தபோது பகைவரைத் தடுக்கும் கோட்டையின் இயல்பும் உடன் வந்ததா, எங்கும் நிறைந்த பொருளுக்கு மதிலும் வாயிலும் எதற்கு என்பவை சமயச் சிந்தனை எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள்.

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் உள்ள சோழர்காலத் தேனுபுரீசுவரர் கோயிலின் கருவறை, படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல் வளைந்த 'தூங்கானை மாடம்' என்னும் அமைப்புடையது. அக்காலக் கோயிற்கலையின் கவனம் கருவறையின் மீது எழும் விமானத்திலேயே இருந்தது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலிலும் கேரளாந்தகன் திருவாசல், இராசராசன் திருவாசல் ஆகிய இரண்டையும்விட விமானமே மிக உயர்ந்தது. பிற்காலத்தில் இம்முறை மாறி, புறவாயில்கள் ஓங்கின. 1987இல் நிறைவுற்ற திருவரங்கத்து இராசகோபுரம் 236 அடி உயரமுடையது. இத்தகைய கோயில்களில் வெளிவாயிலின் பிரம்மாண்டத்தைக் கடந்து செல்லச் செல்ல வாயில்கள் சிறுத்து, இறுதியில் இருண்ட சிறு கருவறை எய்தப்படுவதால், புறத்தோற்றம் குறையக் குறைய இறையணுக்கம் கூடும் என்ற கருத்தை அவ்வமைப்பிலேயே காணலாம். பெரிய கதவு அடைத்திருக்கும்போது ஒருவர் மட்டும் தலைகுனிந்து நுழைவதற்காக அதிலேயே அமைக்கப்படும் திட்டிவாசலும் அக்கருத்துக்கு இசைந்ததே.

எனினும் கோட்டையின் இயல்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1781இல் சிதம்பரம் கோயிலை அரணாகக் கொண்ட மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியின் படையினர், ஆங்கிலேயப் படைத்தலைவர் அயர் கூட் நடத்திய தாக்குதலை முறியடித்தனர். அதனினும் ஆழ்ந்த தடை சாதியால் எழுந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றதும், 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றப்பட்டதும், அதுவரை அவ்வாயில் பலருக்கு மதிலாகவே இருந்தது என்பதற்குச் சான்றுகள். 'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்ற முதுமொழி தொலைவில் நின்றவருக்கு ஆறுதலாக அமைந்தது உண்மையே. ஆனால் அவரை வெளியிலேயே நிறுத்துவதற்கு அதைக் காரணமாக்குவது நியாயமாகாது.

திருமூலர் உடம்பை ஆலயமாகவும் வாயைக் கோபுர வாசலாகவும் உருவகிப்பது இங்கே வழிகாட்டுகிறது. உணவு உட்செல்வதும் சொல் வெளிவருவதும் வாய்வழியே ஆதலின், அடைந்தே கிடக்கும் வாயால் உடம்பு வாழாது. இதை ஏற்றால், வாயில் இறைவனைக் காப்பதற்கன்று, வருபவர் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்வதற்கே என்ற விடை கிடைக்கிறது. எங்கும் உள்ள இறைக்கு எல்லை தேவையில்லை. சிதறிய மனத்தோடு தெருவிலிருந்து வரும் மனிதனுக்கே, நின்று, செருப்பைக் கழற்றி, உள்நோக்கித் திரும்ப ஓர் இடம் தேவைப்படுகிறது.

பெருங்களத்தூர், வண்டலூர் பகுதிகளில் மதிலும் காவலாளியும் வருகைப் பதிவேடும் கொண்ட குடியிருப்பு வளாகங்கள் பெருகிவரும் இக்காலத்தில் கோட்டைவாயில் மீண்டும் அன்றாட வாழ்வில் இடம்பெற்றுள்ளது. பாதுகாப்பு நியாயமான தேவையே. ஆயினும் வீட்டு வேலைக்கு வருபவரையும் பொருள் கொண்டுவருபவரையும் ஐயத்தோடு மட்டுமே நோக்கும் வாயில், பாதுகாப்பின் எல்லையைக் கடந்து மனிதரைத் தரம்பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கோபுரத்தின் பெருமையை அதன் நிலைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது போதாது. அதன் அடியில் உள்ள வாசல் யாரை, எவ்வளவு மதிப்போடு உள்ளே விடுகிறது என்பதே அதற்குரிய அளவுகோல்.