விட்டில் யார்?

பெண்ணை விளக்கு என்றும் ஆணை விட்டில் என்றும் சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு அழகான உவமைதான். ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. விட்டிலுக்குப் புத்தி கிடையாது. அது விழுந்தால் அதன்மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் எரிந்துகொண்டிருந்த விளக்கினுடையது. ஆணுக்கு இவ்வளவு சுலபமாக விடுதலை தரும் உவமை வேறொன்று கிடைப்பது அரிது.

1968-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் பயங்கரப் படம், தெரிந்தோ தெரியாமலோ, இந்த உவமையைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. 'தி பிளட் பீஸ்ட் டெரர்' என்பது அதன் பெயர். டைகன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி தயாரித்தது. வெர்னன் சீவெல் டைரக்ட் செய்தது. உயர்ந்த படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதில் இன்ஸ்பெக்டராக வரும் பீட்டர் குஷிங்கே, தாம் நடித்தவற்றில் இதுதான் மட்டம் என்று கருதியதாகச் சொல்வதுண்டு. ஆனால் மட்டமான படத்திலும் ஒரு பிரயோஜனம் இருக்கிறது. தேர்ந்த கலைஞன் மூடிவைக்கும் எண்ணத்தை அது மூடத் தெரியாமல் வெளியே விட்டுவிடும்.

கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கிறது. வாலிபர்கள் சிலர் ரத்தம் வற்றிச் செத்துக் கிடக்கிறார்கள். மாலிஞ்சர் என்று ஒரு பேராசிரியர். பூச்சிகளைப் பற்றி ஆராய்கிறவர். அவருக்குக் கிளேர் என்று ஓர் அழகிய மகள். வாண்டா வென்தாம் அந்த வேஷத்தில் வருகிறார். உண்மையில் அவள் மகளல்ல. அவருடைய ஆராய்ச்சியில் உண்டான பிறவி. அவள் ராட்சத அந்துப்பூச்சியாக உருமாறுவாள். அழகில் மயங்கி நெருங்கியவன் பிழைப்பதில்லை. அவளுக்குத் துணையாக ஓர் ஆண் பிறவியையும் பேராசிரியர் உருவாக்க முனைகிறார். பிறகு மனம் மாறி அதை அழித்துவிடுகிறார். அவள் அவரைக் கொல்கிறாள். கடைசியில் நெருப்பினால் இழுக்கப்பட்டு எரிந்துபோகிறாள்.

இப்போது சொல்லுங்கள், இங்கே விட்டில் யார்? நம் வழக்கப்படி பார்த்தால் அவளை நாடி வந்த வாலிபர்கள். ஆனால் படத்தில் நெருப்பில் விழுகிற பூச்சி அவள். விட்டிலுக்கு நாம் எப்போதும் தரும் மன்னிப்பு அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கென்ஸ்டைன்' 1818-இல் வந்தது. அதிலும் ஒருவன் ஓர் உயிரைப் படைக்கிறான். அதற்கு ஒரு துணை செய்து தர ஒப்புக்கொண்டு, பாதியிலேயே அதைச் சிதைத்துவிடுகிறான். படைக்கப்பட்ட உயிர் பழி வாங்குகிறது. அந்த நாவலைப் படித்தவர்கள் இரண்டு நூற்றாண்டுகளாக, 'இவனை இப்படி ஆக்கியது யார்?' என்று கேட்டு வருகிறார்கள். அதே கதையில் அரக்கன் பெண்ணாகவும் அழகியாகவும் ஆகிவிட்டால் அந்தக் கேள்வி நின்றுபோகிறது. அவள் அழகே போதுமான சாட்சியமாகிவிடுகிறது.

பூச்சிகளையே சாட்சிக்கு அழைத்தால் என்ன? ரத்தம் குடிக்கும் அந்துப்பூச்சிகள் நிஜமாகவே உண்டு. கலிப்ட்ரா என்று அந்த இனத்துக்குப் பெயர். அதில் ரத்தம் குடிப்பதாகக் கண்டறியப்பட்டிருப்பவை ஆண் பூச்சிகளே! விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பற்றி 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இன்னொன்றும் சொல்கிறது. பூச்சிக்கு விளக்கின்மேல் மோகம் ஏதும் இல்லையாம். வெளிச்சம் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் பறப்பது அதன் சுபாவம். வெளிச்சம் வானத்திலிருந்து மட்டுமே வந்த காலத்தில் அந்தச் சுபாவம் அதற்கு வழிகாட்டியது. நாம் விளக்கேற்றியபின் அது மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் சுற்றித் தவிக்கிறது. ஆசையால் அல்ல, திசை கெட்டுத்தான் அது சாகிறது.

ஆக, பூச்சிக்கு உரிய மன்னிப்பைக் கேட்க மனிதனுக்கு உரிமை கிடையாது. அவனுக்கு மேலும் கீழும் தெரியும். போகாமல் இருக்கவும் தெரியும். தன் சுபாவத்தைத் தானே தேர்ந்துகொள்ளாத கிளேருக்கு அந்த மன்னிப்பில் பாதியாவது சேர வேண்டும்.

'அப்படியானால் அவளைக் கொல்லவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதா?' என்று கேட்கலாம். கூடாது. செத்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். மயங்கியதற்கு மரணம் தண்டனையாகாது. இன்ஸ்பெக்டர் தம் கடமையைத்தான் செய்கிறார். ஆனால் ஆபத்தைத் தடுப்பது வேறு, பாவத்தைச் சுமத்துவது வேறு. வெறிநாயைச் சுடுகிறோம், அதைப் பாவி என்று சபிப்பதில்லை. பெண் விஷயத்தில் மட்டும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

இந்தக் குழப்பத்தில் லாபம் அடைபவர்கள் இருவர். தானாக நெருங்கியவன் ஒருவன். அவளை உண்டாக்கி, மகள் என்று பெயரிட்டு, உண்மையை மறைத்தவர் இன்னொருவர். 'மோகினி' என்று ஒரு பெண்ணை நாம் சொல்லும்போதெல்லாம் இந்த இருவரும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரிக்காத வரையில் எத்தனை நெருப்பு மூட்டினாலும் நீதி செய்ததாக ஆகாது.