லோடார்க் லோடார்க்காகவே இருக்கட்டும்

பெங்களூரில் ராஜ்தூத் 350-ஐ எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் கிட்டே வருவார். பெட்ரோல் பங்க், டீக்கடை, ஆஸ்பத்திரி வாசல் எதுவானாலும் சரி. குனிந்து என்ஜினைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "ஹைடார்க்கா, லோடார்க்கா?" லோடார்க் என்றதும் அவர் முகத்தில் சின்னதாக ஓர் அனுதாபம் வந்துபோகும். என் வண்டி லோடார்க்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1973-இல் யமஹா உலகச் சந்தைக்கு விட்ட வண்டி ஆர்.டி. 350. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், 39 குதிரைத்திறன். அங்கே அதன் காலம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 1983-இல், ஃபரிதாபாதின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதை ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. மைலேஜ் கேட்கும் நாடு இது. அதனால் புகை வெளியேறும் வழியைச் சுருக்கி, சக்தியை 30.5 குதிரைத்திறனுக்குக் குறைத்தார்கள், அதுதான் ஹைடார்க். அதுவும் பெட்ரோலைக் குடிக்கிறது என்று புகார் வந்தபோது இன்னும் சுருக்கி, ஏறக்குறைய 27-க்குக் கொண்டுவந்தார்கள், அது லோடார்க். டிஸ்க் பிரேக் போய் டிரம் வந்தது. இத்தனை வெட்டுக்குப் பிறகும், அதே கொள்ளளவுள்ள அன்றைய புல்லட்டின் 18 குதிரைத்திறனோடு வைத்துப் பார்த்தால் அது வேறு சாதி வண்டிதான். ஆனாலும் விற்கவில்லை. எண்பதுகள் முடியும்போது அதன் கதையும் முடிந்தது.

ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உலகம் நினைத்துக்கொள்வது 1967-இன் டொயோட்டா 2000ஜிடியை, அதே ஆண்டின் மாஸ்டா காஸ்மோவை, 1969-இல் வந்த டாட்சன் 240இசட்டை. அவை புதிதாக ஓடிய நாட்களில் நம் இறக்குமதிக் கதவு சாத்திக் கிடந்தது. பழைய கார் என்று கொண்டுவரவும் அண்மைக்காலம்வரை 1950-க்கு முந்தையவற்றுக்கே அனுமதி. 2025-இல்தான் 50 ஆண்டு கடந்த எதுவும் வரலாம் என்று விதி தளர்ந்தது. சுங்க வரியைக் கேட்டு மயங்கி விழாதவர்கள் இனி ஒரு 240இசட்டை கப்பன் பார்க் ஓரமாக ஓட்டிப்போகக்கூடும். எங்கள் தலைமுறைச் சம்பளக்காரர்களுக்கு ஜப்பானின் வேகம் இரண்டு சக்கரத்தில்தான் வந்தது, அதுவும் பாதியாக.

என் வண்டியைப் பார்த்துக்கொள்பவர் சிவாஜிநகர்ச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கிறார். உதவிக்கு நிற்கும் பையனிடம் உருது, போலீஸ்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். எனக்கும் அவருக்கும் உள்ள ஒரே தகராறு இதுதான்:

"லோடார்க்கை லோடார்க்காவே வெச்சிக்கிட்டு என்ன சார் பண்ணப்போறீங்க? போர்ட்டை எடுத்து உடறேன். ஜப்பான் ஸ்பெக்குக்குக் கொண்டுவந்துடலாம். வண்டி பறக்கும்."

"வேணாம்ணா. எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கட்டும்."

"வர்றப்பவே கையைக் கட்டித்தானே சார் அனுப்பினான்?"

பதில் சொல்லக் கடினமான கேள்வி. அசல் பாகம், அசல் நிலை என்று இந்த வட்டாரத்தில் எல்லோரும் பேசுகிறோம். எது அசல்? யமஹாவின் பொறியாளர்கள் வரைந்ததா, எஸ்கார்ட்ஸ் கொட்டகையிலிருந்து வெளியே வந்ததா? ஜப்பானிலிருந்து டிஸ்க் பிரேக், சைலன்சர், சிலிண்டர் எல்லாம் வரவழைத்து, தங்கள் ராஜ்தூத்தை 1973-க்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. அழகான வண்டிகள் அவை, மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டி என்றுமே அப்படி இருந்ததில்லை. பெட்ரோல் விலையைப் பார்த்துப் பயந்த, ஒரு ஸ்கூட்டருக்கே ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்ற ஒரு நாடு, உலகத்தின் வேகமான வண்டிகளில் ஒன்றைத் தன் கைக்கு அடக்கமாகக் குறுக்கிக்கொண்டது. அந்தக் குறுக்கல்தான் இந்த வண்டியின் வரலாறு. அதைச் சரிசெய்தால் மிஞ்சுவது நல்ல வண்டி, ஆனால் வேறு வண்டி.

நான் மென்பொருள் துறையில் பிழைப்பவன். அங்கே ஒரு பொருள் மீது அக்கறை இருக்கிறது என்றால் அதை அடுத்த பதிப்புக்கு நகர்த்த வேண்டும். இருப்பதை இருந்தபடி விடுபவனுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அந்தப் பழக்கம் சாயங்காலம் செருப்போடு வாசலில் கழன்றுவிடுவதும் இல்லை. எதைப் பார்த்தாலும் இதை இன்னும் எப்படி நன்றாக ஆக்கலாம் என்றே புத்தி போகிறது. பழைய வண்டியை அதன் காலத்துப் பாகங்களோடு வைத்திருப்பதில் எனக்குக் கிடைத்த பயிற்சி இதற்கு நேரெதிரானது. என்னால் மேம்படுத்த முடியும், பணமும் ஆளும் இருக்கிறது, செய்யப்போவதில்லை. வேறொருவர் எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட்டு, அந்த முடிவு நன்றாக வேலை செய்ய என்ன வேண்டுமோ அதை மட்டும் செய்வது.

அப்படிக் கட்டுப்பட்டால்தான் சில புத்திசாலித்தனங்கள் கண்ணில் படுகின்றன. இந்த வண்டியில் ஆயிலுக்குத் தனித் தொட்டியும் தனி பம்ப்பும் உண்டு. இந்த ஊரில் பெரும்பாலான மெக்கானிக்குகள் முதல் வேலையாக அந்தப் பம்ப்பைக் கழற்றிவிட்டு, "பெட்ரோல்லயே கலந்து ஊத்திடுங்க, தொல்லை இல்லை" என்பார்கள். கலந்து ஊற்றினால் சிக்னலில் சும்மா நிற்கும்போதும் நெடுஞ்சாலையில் முறுக்கும்போதும் ஒரே விகிதம்தான். பம்ப் அப்படி இல்லை. என்ஜின் வேகத்தையும் முறுக்கும் அளவையும் சேர்த்துப் பார்த்து, தேவையான அளவு ஆயிலைத் தரும். அதன் கேபிளைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியாததால்தான் அதற்குக் கெட்ட பெயர். பல "மேம்பாடுகள்" இப்படி, பராமரிக்கத் தெரியாததை மறைக்கச் செய்தவை. என் தொழிலிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். அது இங்கே வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்: "வண்டி மட்டும் 27 குதிரையிலயே இருக்கலாம். உங்க பொண்ணு கணக்குல 27 வாங்கினா மட்டும் வீடு இடிஞ்சிடுதா?"

குழந்தை வளர்கிற உயிர், இன்னும் செய்து முடிக்கப்படாதது, அதற்கு இந்த வாதம் பொருந்தாது என்று ஏதோ சொன்னேன். அது உண்மைதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த வாதம் அப்பாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வங்கிச் செயலியை அவர் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அவரோ பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், வரிசையில் நின்று, என்ட்ரி போட்டுக்கொண்டு வருவார். அச்சிட்ட எண்ணைத் தடவிப் பார்த்தால்தான் அது அவருக்குப் பணம். பல ஆண்டுகள் இதற்காகச் சண்டை போட்டோம். செய்து முடிந்த ஒரு மனிதரைத் திருத்துவதில் எவ்வளவு அக்கறை, எவ்வளவு திமிர் என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டி தேவைப்பட்டது. இப்போது மாதம் ஒருமுறை நானே கூட்டிப்போகிறேன். பிரிண்டர் பாதி நாள் வேலை செய்வதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் அசலாகவே வைத்திருக்க முடியுமா என்றால், முடியாது. ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் தேடினால் எங்கேயாவது பிரிக்காத கம்பெனி பாக்கெட் கிடைக்கும். என்.ஓ.எஸ். என்பார்கள்: பழைய சரக்கு, ஆனால் யாரும் பயன்படுத்தாதது. இரும்பென்றால் அது புதையல். ரப்பர் என்றால் பொறி. நாற்பது ஆண்டு பாக்கெட்டுக்குள் கிடந்த கிராங்க் ஆயில் சீல் பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே இறுகிப்போயிருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் விகிதம் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்வது என்ன என்பதை அனுபவித்தவர்கள் அதன் பிறகு பாக்கெட்டின் அழகைப் பேசுவதில்லை. கூடவே, இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது, உப்பிவிடும், உரியும். காலத்துக்கு ஏற்ற பாகத்தைத் தேடிப்பிடித்துவிடலாம், அந்தக் காலத்தின் பெட்ரோலை எங்கே போய் வாங்குவது?

சிலிண்டர் இன்னும் நேரடியான பாடம். அதன் விட்டம் 64 மில்லிமீட்டர். தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் பெரிதாக போர் அடித்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோம். அப்படி நான்கு முறை. 65-ஐத் தொட்டதும் கதை முடிந்தது, உள்ளே புது ஸ்லீவ் இறக்க வேண்டியதுதான். அசலைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் அசலிலிருந்து கொஞ்சம் சீவி எடுத்துவிடுகிறோம்.

தயாரித்தவர்களே இந்தச் சிக்கலில் இறங்கிவிட்டார்கள். 2017-இல் மாஸ்டா, தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் காரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தபோது, அந்தக் காரோடு வந்த பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்.எஃப். 325 டயரையும் திரும்பச் செய்தது. தோற்றமும் தடமும் பழையவை, ரப்பர் புதியது. அதே ஆண்டு நிசான், ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கான பாகங்களை மறுபடி விற்கத் தொடங்கியது. 2020-இல் டொயோட்டா, 2000ஜிடியின் கியர்பாக்ஸ் பாகங்களைக்கூடப் புதிதாகச் செய்து தந்தது. நம் ராஜ்தூத்துக்கு அப்படி ஒரு தகப்பன் இல்லை. லேத் பட்டறைகள்தான் கதி. அவற்றில் சில மிக நல்லவை.

அப்படியானால் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த விடை வண்டிக்காரர்களிடமிருந்து வரவில்லை. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவி, பழைய கோயில்கள் பலவற்றை இடித்துக் கற்றளியாகக் கட்டினார். திருக்கோடிக்காவலில் அப்படிக் கட்டியபோது, பழைய கற்களில் சிதறிக் கிடந்த கல்வெட்டுகளை வீசிவிடவில்லை. அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டவைத்தார். இன்னார் காலத்தில் இன்னார் கொடுத்த விளக்கு, நிலம் எல்லாம் புதுக்கல்லில் ஏறின. இவை பழைய கல்லின் படிகள் என்ற குறிப்பும் ஏறியது. கோயில் புதிது என்பதை அவர் ஒளிக்கவில்லை. பழையது என்னவாக இருந்தது என்பதையும் தொலைக்கவில்லை. பழைய சுவர்களில் மணலைப் பீய்ச்சி எழுத்தையே தேய்த்துவிட்ட நம் காலத்துத் திருப்பணிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அம்மையாரின் நிதானம் புரியும். பழைய வண்டிகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபிவா 2012-இல் வகுத்த டூரின் சாசனமும் ஏறக்குறைய அதைத்தான் கேட்கிறது: புதிதாகப் போட்ட பாகத்தில் அது புதிது என்ற அடையாளம் இருக்கட்டும்.

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. எந்த சீல் எப்போது மாறியது, எது லேத்தில் செய்தது, எது தாய்லாந்திலிருந்து வந்த டூப்ளிகேட் என்று எழுதிவைக்கிறேன். கழற்றியவை பழைய பிஸ்கட் டின்களில் கிடக்கின்றன.

புகை பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. டூ-ஸ்ட்ரோக் என்ஜின் ஆயிலை எரிக்கிறது. உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பங்கை எரிக்காமலேயே வெளியே தள்ளுகிறது. அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படித்தான். எனக்கு இருக்கும் காதலுக்கு சில்க் போர்டு சிக்னலில் பின்னால் நிற்பவர் ஏன் மூச்சுவிட வேண்டும்? அதனால் வண்டி ஞாயிறு விடியலில் மட்டும் வெளியே வரும், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை.

பிரேக் விஷயத்தில் மட்டும் தோற்றுப்போனேன். அந்த டிரம், எஸ்கார்ட்ஸ் நாட்களிலேயே போதாது என்று பேர் வாங்கியது. காலியான சாலைக்கே அந்தக் கதி என்றால், முன்னால் போகும் ஆப் டாக்ஸி காரணமே இல்லாமல் நின்றுவிடும் இன்றைய ஊருக்குச் சொல்லவே வேண்டாம். "மத்ததுல எல்லாம் உங்க இஷ்டம். பிரேக்குல பக்தி காட்டாதீங்க சார்" என்றார் மெக்கானிக். அன்றே டிஸ்க் ஏறியது. சேசிஸில் ஒரு துளைகூடப் போடவில்லை, வெல்டிங் இல்லை. ஒரு மத்தியானத்தில் பழையபடி மாற்றிவிடலாம். டிரம் கிரீஸ் பூசி, துணி சுற்றி, பரணில் இருக்கிறது.

அது தேவைப்படும் நாள் வரும். 2021-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, அசல் வடிவிலேயே பேணப்படும் வண்டிதான் விண்டேஜ். சேசிஸ், உடல், என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் "வி.ஏ." எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். முதல் ராஜ்தூத் 350-களுக்கு அந்த வயது 2033-இல் வரும். போர்ட்டைப் பெரிதாக்கி ஜப்பானுக்குப் போய்விட்டவர்கள் அன்றைக்கு அதிகாரியிடம் என்ன சொல்வார்கள் என்பதைக் கேட்க மெக்கானிக்கையும் கூட்டிப்போக எண்ணியிருக்கிறேன். என் தரப்பில் டிரம்மைத் திரும்ப மாட்ட வேண்டும். ஷூ லைனிங் தேய்ந்து கிடக்கிறது. கலாசிபாளையத்துக் கடைக்காரர் ஒருவர், அந்தக் காலத்துச் சரக்கு ஒரு செட் வைத்திருப்பதாக ஆசை காட்டினார். அந்தக் காலத்து லைனிங் என்றால் ஆஸ்பெஸ்டாஸ். வேண்டாம் என்று சொல்லி, அளவை மட்டும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். புது லைனிங் ஒட்டித் தருபவர் வில்சன் கார்டனில் இருக்கிறாராம்.